இல்லாத காலின் மேல் பொறாமை

லமார் மேப்ரியின் இடது கால் போனதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

அது பிப்ரவரி மாதம். ராணுவ முகாமை ஒட்டிய எங்கள் லாட்டன் ஊரில் மூன்று நாளாக, தரையில் விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை. பயிற்சி முடிந்து பீரங்கியை இழுத்துக்கொண்டு திரும்பிய ராணுவ லாரி சரிவில் வழுக்கி இரண்டு முறை உருண்டது. ஓட்டியவன் லமார். பக்கத்து இருக்கையில் அந்தப் பீரங்கிக் குழுவின் தலைவன், என் கணவன் ராய்ஸ். யார் மேலும் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். லமாருடைய கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போய், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். ராய்ஸின் தலை கதவுச் சட்டத்தில் மோதியது. பதினோரு தையல். காயம் ஆறியது, முடி வளர்ந்து தழும்பை மூடியது. வெளியே பார்த்தால் ஒன்றுமே ஆகாத ஆள். ஆனால் ஏப்ரலில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கையில் முள்கரண்டியோடு அப்படியே விறைத்துச் சரிந்தான். எங்கள் மகள் ஜோலிக்கு அப்போது ஏழு வயது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

அன்று தொடங்கியது வலிப்பு.

லமாரின் மனைவி வெர்னெட்டும் நானும் ஒரே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள். புருஷன்மார்கள் சேருவதற்கு முன்பே நாங்கள் சேர்ந்துவிட்டோம். டிசம்பரில், ஒரே வாரத்தில், இரண்டு வீட்டுக்கும் ராணுவ மருத்துவக் குழுவின் கடிதம் வந்தது. வெர்னெட் தன் உறையைப் பிரிக்காமலே என் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். லமார் ஊன்றுகோலோடு பின்னாலேயே வந்தான்.

"நீ படிடி ட்வைலா. என்னால பிரிக்க முடியல."

நான் படித்தேன். உடல் குறைபாட்டின் காரணமாகப் பணி ஓய்வு. நிரந்தரம்.

வெர்னெட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பன்னெண்டு வருஷம். இனிமே இந்தப் பக்கமே வராதேன்னு எழுதிட்டானுங்க. நிரந்தரமாம்!"

லமார் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எங்களுடையது. அதே காகிதம், அதே முத்திரை. தற்காலிகம் என்று இருந்தது. ராய்ஸின் உடல்நிலை இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லையாம். ஒன்றரை வருஷத்துக்குள் மறுபரிசோதனை, மூன்று வருஷத்துக்குள் கடைசி முடிவு.

ராய்ஸ் முகம் மலர்ந்துவிட்டது. "தற்காலிகம்னா என்ன அர்த்தம்? சரியாயிட்டா திரும்பக் கூப்பிடுவாங்க. லமார், பாத்தியா?"

"பாத்தேன் சார்ஜெண்ட்" என்றான் லமார்.

அவன் குரல் எப்படியோ இருந்தது. கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். அவனுக்கு வலிநிவாரணி வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

ஜனவரியில் ஓய்வுபெற்றோருக்கான அடையாள அட்டை வாங்க நாலு பேரும் ஒன்றாகப் போனோம். அங்கேதான் எனக்குள் அந்த நெருப்பு பற்றியது. லமாரின் அட்டையில் முடியும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதி இல்லை. காலவரையின்றி என்று போட்டிருந்தது. ராய்ஸின் அட்டையில் நாள், மாதம், வருஷம் எல்லாம் தெளிவாக இருந்தது, பால் பாக்கெட்டில் இருப்பது மாதிரி.

"இந்தத் தேதிக்கப்புறம் என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள முடிவு தெரிஞ்சிடும்" என்றாள் அட்டை கொடுத்த பெண், அடுத்த எண்ணைக் கூப்பிட்டபடியே.

ஜோலிக்கு ஆஸ்துமா. குளிர்காலம் வந்தால் இரண்டு முறையாவது ஆஸ்பத்திரி. ராய்ஸின் மருந்தும் அவளுடைய மருந்தும் அந்த அட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வெர்னெட் வண்டியில் ஏறும்போது தன் புருஷனின் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை, கைப்பையில் தூக்கிப் போட்டாள். நானோ எங்களுடையதை வீடு வந்து சேரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

பொறாமைக்குத் தீனி தேடிப் போக வேண்டியதில்லை. அதுவாக வந்துகொண்டே இருக்கும். முகாம் அங்காடியில் வரிசையில் நின்றால், வியட்நாம் போரில் இருந்த கிழவர்கள் லமாரின் உலோகக் காலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார்கள், முன்னால் போகச் சொல்வார்கள். தேவாலயத்துப் பெண்கள் கொடி நிறத்தில் போர்வை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாரம் தவறாமல் யாராவது வெர்னெட் வீட்டு வாசலில் சுட்ட கோழியோ பீன்ஸ் கறியோ வைத்துவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் நடந்த ஊர் விழா ஊர்வலத்தில் லமாரைத் திறந்த வண்டியில் ஏற்றி நடுத்தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். ராய்ஸ் ஓரத்தில் நின்று கைதட்டினான். பக்கத்தில் இருந்தவர் அவனைக் கேட்டார், "நீங்களும் ராணுவமா? நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அந்த வாரத்தில் மட்டும் ராய்ஸ் இரண்டு முறை விழுந்திருந்தான். ஒருமுறை குளியலறையில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டதில் மூன்று நாள் சூப்புதான். நாக்கைக் கடித்தவனை யார் திறந்த வண்டியில் ஏற்றுவார்கள்?

இதையெல்லாம் வெர்னெட்டிடம் சொல்ல முடியவில்லை. அவள் வேறு ஒரு கணக்கில் இருந்தாள்.

"உனக்கென்னடி, உன் ஆளு முழுசா இருக்கான்" என்பாள். "மாடி ஏறறான், புல்லு வெட்டறான். என் வீட்டுக்காரன் தண்ணி குடிக்கணும்னாலும் முதல்ல காலை மாட்டணும்."

ஆமாம் என்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவேன்.

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர். ராய்ஸ் விழும் நாட்களில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். முதல் வருஷம் பக்கத்துக்கு ஐந்தாறு குறிகள். அடுத்த வருஷம் மே மாதம் மருந்தை மாற்றினார்கள். மே பத்தொன்பதாம் தேதி ஒரு குறி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஜூன் வெறுமை. ஜூலை வெறுமை. ஒவ்வொரு பக்கத்தைக் கிழிக்கும்போதும் ஜோலியும் நானும் கைதட்டுவோம். ராய்ஸ் மறுபடி ஓட ஆரம்பித்தான், காலையில் இரண்டு மைல், பிறகு மூன்று.

அக்டோபரில், வரப்போகிற மறுபரிசோதனையைப் பற்றி விசாரிக்க முகாமிலிருந்த ராணுவ ஆலோசனை அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார்.

"விழாம இருக்கறது நல்ல விஷயம்தாம்மா. ஆனா விழாம இருந்தா குறைபாட்டு அளவைக் குறைப்பாங்க. முப்பது சதவீதத்துக்குக் கீழே போச்சுன்னா ஓய்வு கிடையாது. ஒரே தடவையா ஒரு தொகையைக் கையில குடுத்து அனுப்பிடுவாங்க. அட்டை, குடும்ப மருத்துவம் எல்லாம் அதோட சரி."

"திரும்ப வேலைக்கு எடுத்துக்க மாட்டாங்களா?"

"வலிப்பு மருந்து சாப்பிடறவரைப் பீரங்கி பக்கத்துல எப்படிம்மா நிக்க வைப்பாங்க?"

"அப்போ விழுந்துக்கிட்டே இருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நிரந்தரம் ஆகலாம்."

வீட்டில் ராய்ஸிடம் சொன்னேன். "எதுவா இருந்தாலும் சமாளிப்போம்" என்று சொல்லிவிட்டுக் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டான். பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. நான் மட்டும் காலண்டர் முன்னால் நிற்பது அதிகமானது. வெறும் கட்டங்களைப் பார்த்தால் முன்பு நெஞ்சு லேசாகும். இப்போது வேறு மாதிரி இருந்தது. நவம்பரில் வெறுமை, டிசம்பரில் வெறுமை. ஜனவரியில் ஜோலிக்கு மூச்சுத் திணறி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போது, ஒருமுறை விழுந்தால்தான் என்ன என்று நினைத்தேன். மெத்தென்ற இடத்தில், அடிபடாமல், ஒரே ஒருமுறை. நினைத்தவுடனே குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுபரிசோதனை ஜூன் முதல் வாரம் என்று கடிதம் வந்தது.

ஏப்ரல் மாதம் மேப்ரி வீட்டில் சாய்தளம் கட்டினார்கள். லமாருக்குக் கால் மாட்டும் இடத்தில் அடிக்கடி புண் வரும்; வந்தால் வாரக்கணக்கில் சக்கர நாற்காலிதான். புதிதாக வாங்கிய வீட்டுக்கோ வாசலில் ஐந்து படி. தேவாலயத்து ஆட்கள் ஒரு சனிக்கிழமை காலை மரமும் ஆணியுமாக வந்து இறங்கினார்கள். ராய்ஸ் விடியும் முன்பே போய்விட்டான். நானும் ஜோலியும் பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு பத்து மணிக்குப் போனோம்.

அன்றும் லமாருக்குப் புண். உலோகக் கால் சுவரில் சாய்ந்து நின்றது. அவன் கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தான்.

"சார்ஜெண்ட், ஆணியை நேரா அடி! வானத்தைப் பாத்து அடிச்சே பழகிட்டே!"

"உக்காந்த இடத்துல இருந்து அதிகாரம் பண்ண ஒத்தைக் கால் போதும் போலிருக்கே" என்றான் ராய்ஸ், குனிந்தபடியே. லமார் வயிறு குலுங்கச் சிரித்தான். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவர்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை என்று தோன்றும்.

உள்ளே சமையலறையில் வாசல் ஜன்னல் திறந்திருந்தது. மேசை முழுக்கப் பலகாரம். தேவாலயத்து மூதாட்டி மிஸஸ் ஓடம் ஜன்னல் வழியே ராய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காளை மாதிரி இருக்கானே உன் புருஷன்! இவனை எதுக்கு வீட்டுக்கு அனுப்பினாங்க? எப்போ திரும்பப் போறான்?"

"போறதா இல்ல, மிஸஸ் ஓடம்."

"அட, ஓய்வூதியத்துல உக்காந்து திங்கற வயசா இது?" என்று என் கையைச் செல்லமாகத் தட்டினார். அவருக்குத் தெரியாது. தெரியும்படி எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

வெர்னெட் இறைச்சித் தட்டோடு உள்ளே வந்தாள். ஒரு மாதமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக் களைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. "அவளை ஏன் கேக்கறீங்க" என்றாள். "ட்வைலாவுக்கு அதிர்ஷ்டம். அவங்க வீட்டுல வந்ததெல்லாம் தற்காலிகம்தான். எங்க வீட்டுலதான் எல்லாமே நிரந்தரம்."

அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்று ஒன்றரை வருஷத்து வயிற்றெரிச்சல் மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது.

"அதிர்ஷ்டமா?" என்றேன். "உன் புருஷன் கால் திரும்ப முளைச்சிருக்கான்னு பாக்க யாராவது கூப்பிட்டு அனுப்பறாங்களாடி? நிரூபிச்சுக் காட்டுன்னு சொல்றாங்களா? ஒரு கால் போச்சு, ஊரே சோறு போடுது, வீட்டுக்கு வந்து பாதை போட்டுத் தருது. எங்க வீட்டுல அப்படி ஒண்ணு போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்!"

வெர்னெட் தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். வெளியே சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. ஜன்னல் வழியாக லமார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது மரத்தின் மேல் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது.

ராய்ஸ் சாய்தளத்தின் சட்டத்தில் மண்டியிட்டிருந்தவன், பக்கவாட்டில் சரிந்து, ஆணி துருத்திய பழைய படிப் பலகைகளுக்கு நடுவே விழுந்தான். உடம்பு வில்லாக வளைந்தது. ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். லமார் நாற்காலியிலிருந்து எழுந்தான். கால் இல்லை என்பது அவனுக்கு ஞாபகமில்லை. குப்புற விழுந்தான். விழுந்தவன் சரளைக்கல்லில் முழங்கையை ஊன்றித் தவழ்ந்தே போய், ஆணிப் பலகைகளை இழுத்து எறிந்துவிட்டு, ராய்ஸை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"இருக்கேன் சார்ஜெண்ட், நான் இருக்கேன். ட்வைலா! மணி பாரு! எவ்வளவு நேரம்னு பாரு!"

நான் ஜன்னலருகே நின்றேன். எனக்கு முதலில் வந்த எண்ணம் இதுதான்: ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

ஒரு மூச்சு விடும் நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன். ஓடும்போது வெர்னெட்டைப் பார்த்தேன். அவள் ஜோலியின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

நாலரை நிமிடம் நீடித்தது அந்த வலிப்பு. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"தவறாம சாப்பிடறார்."

"ரத்தத்துல மருந்தே இல்லையேம்மா."

நான் அறைக்குள் போனேன். ராய்ஸின் உதடு வீங்கியிருந்தது. கதவைச் சாத்தினேன்.

"எத்தனை நாளாச்சு நிறுத்தி?"

"ஒம்பது நாள்."

"ஏன்டா?" கல்யாணமான நாளிலிருந்து அவனை நான் 'டா' போட்டதில்லை. "அந்த அட்டைக்காகவா? செத்துப்போயிருந்தா?"

அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "மார்ச் மாசத்தைக் கிழிச்சே பாரு, அன்னிக்கு உன் முகத்தைப் பாத்தேன்" என்றான். "முன்னாடியெல்லாம் கிழிக்கும்போது சிரிப்பே. அன்னிக்கு, இந்த மாசமும் இவன் விழலையேங்கற மாதிரி பாத்தே. நான் கதவுகிட்ட நின்னேன். உனக்குத் தெரியாது."

 படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"உன்னை மட்டும் சொல்லல" என்றான். "எனக்கும்தான். லமார் அந்தக் காலைச் சுவத்துல சாய்ச்சு வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவனுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு ஒண்ணுமே ஆகலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானே சில நாள் நம்பிடறேன். அப்படி ஒரு நாள்லதான் மாத்திரையைச் சாக்கடையில போட்டேன்."

இரண்டு நாள் கழித்து லமார் வீட்டுக்கு வந்தான், தனியாக. முழங்கை இரண்டிலும் கட்டு. ராய்ஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் உட்கார வைத்தேன்.

"வெர்னெட் வரல" என்றான். "கொஞ்ச நாளைக்கு வர மாட்டா. நீ சொன்னது அவளுக்கு உள்ள போயிடுச்சு."

"உனக்கு?"

அவன் உலோகக் காலை நீட்டி வைத்துக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்றேன், அவன்கிட்ட சொல்லாதே. உங்க கடுதாசியில தற்காலிகம்னு இருந்துச்சே, அந்த ஒத்தை வார்த்தைக்காக மிச்சமிருக்கற காலையும் குடுத்திருப்பேன். ராய்ஸ் காலையில ஓடறான்னு கேள்விப்பட்டா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. இவன் ராணுவத்துக்கே திரும்பிடுவான், உடுப்பு மாட்டிக்கிட்டு வந்து என்னைப் பாத்துட்டுப் போவான்னு தோணும். விழட்டுமேன்னு ஒரு நாள் நெனச்சேன், ட்வைலா. தேவாலயத்துல உக்காந்துக்கிட்டே நெனச்சேன்."

நான் மருந்து விஷயத்தைச் சொன்னேன்.  லமார் எழுந்து நேராகப் படுக்கையறைக்குள் போய், தூங்குகிறவனின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"முட்டாப் பயலே! நல்லா இருக்கற தலையை ஆணிமேல போடறியா? அடுத்த தடவை எனக்கு முன்னால விழு, நானே சுத்தியலால அடிச்சு நிரந்தரமாக்கித் தர்றேன்!" திட்டிவிட்டு அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். ராய்ஸ் எழுந்து உட்கார்ந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஜூன் மாதம் பரிசோதனைக்கு ராய்ஸோடு நானும் போனேன். வலிப்பு வரும்போது வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் நரைத்த தலை, மெதுவாகப் பேசுகிறவர். ஊர் ஆஸ்பத்திரியின் தாள்களில் வலிப்பு நேரமும் காயமும் மட்டும் இருந்தன. ரத்தப் பரிசோதனைத் தாள் இன்னும் வந்து சேரவில்லை. அது வருமா என்பதும் எனக்குத் தெரியாது.

"பதினோரு மாசம் நல்லா இருந்திருக்கு. அப்புறம் திடீர்னு இவ்வளவு பெரிசா ஒண்ணு" என்றார். "மருந்தை மீறி வருதுன்னா அது வேற விஷயம். நாங்க அப்படித்தான் எழுதணும். நீங்கதானே கூட இருந்தீங்க? சொல்லுங்கம்மா."

அப்படி எழுதினால் நிரந்தரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ராய்ஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பதிலை என்னிடம் விட்டுவிட்டான். நான் ஜோலியை நினைத்தேன். குளிர்காலத்தை நினைத்தேன். லமாரின் அட்டையை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"மருந்தை மீறி வரல, டாக்டர்" என்றேன். "ஒம்பது நாள் மருந்தே எடுக்கல. இவர் நிறுத்தினார். நிறுத்தும்படி பண்ணினது நான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்போ எடுக்கறாரா?" என்று மட்டும் கேட்டார்.

"தினம் என் முன்னாலதான் முழுங்கறார்."

அந்தத் தடவை ஓய்வுப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டார்கள், மறுபடியும் தற்காலிகமாக. அதற்குப் பிறகு ராய்ஸ் விழவில்லை. மூன்று வருஷம் முடிகிற டிசம்பரில் கடைசிக் கடிதம் வந்தது. இருபது சதவீதம். ஒரு தொகையும் ஒரு நன்றியும். பத்து வருஷம் ராணுவத்தில் இருந்தவன் ஒரு கையெழுத்தில் வெளியே வந்துவிட்டான். ராய்ஸின் சிகிச்சையை முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. ஜோலிக்காக நான் பள்ளி வேலையை முழுநேரமாக்கி, பள்ளி ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தேன். முன்பு ஒரே நாளில் கிடைத்த மூச்சு மருந்துக்கு இப்போது ஒரு வாரம் போன் பேச வேண்டியிருந்தது. ராய்ஸ் தானியக் கிடங்கில், லாரி எடை போடும் அலுவலகத்தில் வேலைக்கு உட்கார்ந்தான். மதியம் கோதுமைத் தூசியோடு வீட்டுக்கு வருவான். நான் சொன்ன உண்மைக்காக அவன் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. நானேதான் சில நாட்களில், மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது, என்னைக் கடிந்துகொண்டேன்.

வெர்னெட் என்னோடு பேச எட்டு மாதம் ஆயிற்று. பேசினாள் என்றால், பள்ளிச் சமையலறையில், "அந்த அகப்பையை எடு" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை.

அட்டை போனதற்கு அடுத்த மார்ச்சில் லமாரின் புண் எலும்புவரை போய்விட்டது. முழங்காலுக்கு மேலே இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சை அன்று காலை ராய்ஸும் நானும் போனோம். காத்திருப்பு அறையில் வெர்னெட் தனியாக இருந்தாள், மேலங்கியைக் கழற்றாமல். ராய்ஸ் எல்லோருக்கும் காபி வாங்கி வருகிறேன் என்று நீண்ட நடைவழியில் போனான். அவன் போவதை வெர்னெட் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் நடக்கறதைப் பாத்தா உன் கன்னத்துல ஒண்ணு வைக்கணும் போல இருக்குடி" என்றாள்.

"வையேன்."

"இன்னிக்கு வேணாம். தெம்பில்ல."

ராய்ஸ் மூன்று காபியோடும் காகிதப் பையில் முட்டை வைத்துச் சுருட்டிய சூடான ரொட்டியோடும் வந்தான். வெர்னெட் இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்றாள். நான் ஒன்றைப் பிரித்து அவள் கையில் வைத்தேன். அவள் ஒரு வாய் கடித்து, காரம் போதவில்லை என்று குறை சொல்லி, முழுவதையும் தின்று முடித்தாள். பதினொன்றரை மணிக்குப் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் கதவைத் திறந்து, "மேப்ரி குடும்பத்துக்காரங்க யாரு?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம்.